அம்மா சைக்கிளுக்கு பிரேக் இல்லீங்க

குளத்துக்கரை வாக்கிங் செட்டுக்கு வணக்கமுங்க.

நேத்தும் நீங்கெல்லாம் பேக்கரி வாசல்ல நின்னு கையைத் தட்டிக் கூப்பிட்டீங்க. நானும் வழக்கம்போல "பிரேக் புடிக்கலீங்க, வாரேன்"னு கத்திக்கிட்டே சைக்கிளை மிதிச்சுட்டுப் போயிட்டேன். வேர்க்க வேர்க்கக் குளத்தைச் சுத்தறது, சுத்தின கையோட பேக்கரியில உக்காந்து டீயும் தேங்காபன்னும் ஒரு கை பாக்கறது, அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போயி, "தெனமும் நடக்கறேனே டாக்டர், சுகர் ஏன் குறைய மாட்டேங்குது?"ன்னு அவரையே குறுக்கு விசாரணை பண்றது. நல்லா இருக்குதுங்க உங்க நியாயம்!

இதுல நம்ம ரிட்டயர்டு வாத்தியார் வேற, இந்த வயசுல பிரேக் இல்லாத சைக்கிள் ஓட்டறது ஆபத்துன்னும், தன்னோட மருமகனை ஸ்பேனரோட எங்க வீட்டுக்கு அனுப்பறேன்னும் குரூப்புல வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்காரு. வாத்தியாரே, பாவம் அந்தப் பையன், ஞாயித்துக்கிழமை தூங்கட்டும். அவரை அனுப்பறதுக்கு முன்னால இதைக் கொஞ்சம் படிச்சுப்போடுங்க.

நான் அஞ்சாவது படிச்சுட்டு இருந்த வருஷம். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லோட லைன் வீட்டுல குடியிருந்தோம். எதிரும் புதிருமா ரெண்டு வரிசை ஓட்டு வீடு, நடுவுல தெரு, தெருக்கோடியில குழாய். மில்லுச் சங்கு ஊதறதுதான் எங்களுக்குக் கடிகாரம். காத்து வாட்டமா அடிச்சா பஞ்சுத் தூசி வந்து துணி காயற கொடியில ஒட்டிக்கும். எல்லாச் சனமும் கலந்து இருந்த தெரு அது. வேதக்காரங்க, அதாவது கிறிஸ்தவங்க, நாங்க மூணு நாலு குடும்பம்தான்.

அப்பா மில்லுல ஃபிட்டர். ஒரு நட்டு லூசா இருந்தா அவருக்குத் தூக்கம் வராது. கோயில்ல பூசை நடந்துக்கிட்டு இருக்கும்போதே பெஞ்சு ஆடுதேன்னு குனிஞ்சு அதோட காலைத் தடவிப் பாப்பாரு. சாமியார் ஒருதடவை பிரசங்கத்தை நிறுத்திட்டு இவரையே பாத்திருக்காரு. அப்பா ஆளு வாட்டசாட்டம், தொப்பையும் தாராளம், பேச்சு மட்டும் ரொம்பச் சிக்கனம்.

அம்மா கிணத்துக்கடவுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரு. அதோட அப்பா அம்மா காலமெல்லாம் அடுத்தவங்க தோட்டத்துல கூலி வேலை. கல்யாணம் ஆகித்தான் அம்மா கோயமுத்தூரைப் பாத்துச்சு. எனக்கு மேல ஒரு அக்கா, எட்டாவது படிச்சா. எல்லாத்தையும் முதல்ல கண்டுபிடிக்கறது அவதான். அந்த ஆடி மாசம் குளிக்கற எடத்துல எறும்பு மொய்க்கறதைக் கண்டுபிடிச்சதும் அவதான்.

அம்மாவுக்கு ஓயாத தாகம். ஒரு செம்புத் தண்ணி குடிச்சு வாயைத் துடைக்கறதுக்குள்ள அடுத்த செம்பு தேடும். நாலு படி ஏறினா மூச்சு வாங்கும். மில் ஆஸ்பத்திரி டாக்டரம்மா பாத்துட்டு சக்கரை வியாதின்னு சொல்லிட்டாங்க. மாத்திரை எழுதினாங்க, இனிப்பைத் தொடக் கூடாதுன்னாங்க, காலையும் சாயங்காலமும் குளத்துக்கரை வரைக்கும் வேகமா நடக்கணும்னாங்க. "கிறிஸ்துமஸ் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள குறையலைன்னா ஊசிதான். தெனமும் போடணும்."

அம்மா வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழட்டாம அப்பாகிட்ட, "ஏனுங்க, ஊசின்னு ஒண்ணு வந்துட்டா நான் எங்கக்கா பின்னாடியே போயிருவேனுங்க. இந்தப் புள்ளைகளுக்குத் தலை வாரி விட வேற ஆளைப் பாத்து வெச்சுக்குங்க"ன்னு சொல்லிட்டு அழுதுச்சு. பெரியம்மாவுக்கு, அதாவது அம்மாவோட அக்காவுக்கு, இதே சக்கரைதான். அவங்களுக்கு ஊசி போட ஆரம்பிச்ச கொஞ்ச நாள்ல ஒரு காலை எடுத்தாங்க, அடுத்த வருஷம் ஆளே இல்லை. ஊசிதான் கொன்னுருச்சுன்னு அம்மா முடிவு கட்டி வெச்சிருந்துச்சு. பெரியம்மாவுக்கு ஊசியே காலம் கடந்துதான் வந்துச்சுன்னு இன்னைக்கு எனக்குத் தெரியும். தெனமும் ஊசி போட்டுக்கிட்டுத்தானே நானே உங்க முன்னால சைக்கிள்ல பறக்கறேன்! ஆனா அன்னைக்கு அதை அம்மாவுக்கு எடுத்துச் சொல்ல யாருமில்லை. எங்க நாலு பேருக்கும் கிறிஸ்துமஸ்னா அந்த வருஷம் பயமாத்தான் இருந்துச்சு.

இப்ப மாதிரி விரல்ல குத்திப் பாக்கற மிஷின் எல்லாம் எங்க இருந்துச்சு? கண்ணாடிக் குழாயில நீல மருந்தை ஊத்தி, ஸ்பிரிட் விளக்குல காட்டி, சிறுநீர் சில சொட்டு விட்டுத் திரும்பவும் காய்ச்சணும். சக்கரை இல்லைன்னா நீலம் நீலமாவே இருக்கும். கொஞ்சம் இருந்தா பச்சை, அப்புறம் மஞ்சள், ஆரஞ்சு. ரொம்ப இருந்தா செங்கல் கலரு. வாரத்துக்கு ஒருநாள் அப்பாவே வீட்டுல செய்வாரு. துணி மாட்டற கிளிப்புல குழாயைக் கவ்விப் புடிச்சுக்கிட்டு, பெரிய மெஷினைக் கழட்டற மாதிரி மூச்சை அடக்கிக்கிட்டு நிப்பாரு. ஸ்பிரிட் வாசமும் மத்த வாசமும் சேர்ந்து அடிக்க, அக்கா மூக்கைப் பொத்திக்குவா. அம்மா வெக்கப்பட்டுக் கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டு, "என்ன கலருங்க?"ன்னு கேக்கும்.

முதல் நாள் ஆரஞ்சு.

அம்மா நடக்க ஆரம்பிச்சுச்சு. தெருவுல ஒரு பொம்பளை சும்மா தனியா நடந்தா நல்லா இருக்காதுன்னு என்னைத் துணைக்கு அனுப்புனாங்க. கையில ஒரு பையும் இருக்கும். பை இருந்தா ஏதோ காரியமாப் போறாங்கன்னு நெனச்சுக்குவாங்களாம். மழையோ காத்தோ ஒருநாள் தவறலை. பத்தியமும் கடுமையாத்தான் இருந்துச்சு. சோத்தைக் குறைச்சு ராகிக்களி, கீரை, கொள்ளு ரசம்.

அடுத்த வாரம் குழாய் இன்னும் அடர்த்தியான ஆரஞ்சு. அதுக்கு அடுத்த வாரம் செங்கல்.

அப்பாவுக்கு ஒண்ணும் புரியலை. மெஷின்ல எண்ணெய் ஊத்த ஊத்தச் சத்தம் ஜாஸ்தியானா அவரு என்ன செய்வாரோ அதையே செஞ்சாரு. என்னைக் கூப்பிட்டு உக்கார வெச்சு விசாரிச்சாரு.

"கண்ணு, நீ கூடவே போறியே, அம்மா வழியில ஏதாச்சும் சாப்பிடுதா?"

"ஒண்ணுமே சாப்பிடறதில்லீங்கப்பா."

"நெசமாவா?"

"மாதா மேல சத்தியமுங்கப்பா."

நான் பொய் சொல்லலை. எங்க ஊருல சாப்பாடுன்னா சோறு, இல்லைன்னா இட்டிலி தோசை. காப்பி குடிக்கறதை யாருங்க சாப்பாட்டுல சேப்பாங்க? காப்பியோட கூட வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம் ஒண்ணைக் கடிச்சுக்கிட்டா அது சும்மா வாய்க்கு. அப்பாவும் 'குடிச்சுதா'ன்னு கேக்கலை, நானும் சொல்லலை.

வெளியில சாப்பிடலைன்னா வீட்டுலதான் எடுத்துத் திங்குதுன்னு அப்பா முடிவு பண்ணிட்டாரு. மறுநாள் சக்கரை டப்பா, கருப்பட்டி டப்பா ரெண்டையும் தன்னோட தகரப் பெட்டிக்குள்ள வெச்சுப் பூட்டுப் போட்டாரு. மில்லுல அவரு லாக்கருக்குப் போடற பெரிய பூட்டு.

அம்மா அதைப் பாத்துட்டு எங்க பக்கம் திரும்புச்சு. "என்னைத் திருடின்னே முடிவு பண்ணிட்டாரா உங்கப்பா?" அவ்வளவுதான். அன்னையில இருந்து ரெண்டு பேரும் நேருக்கு நேர் பேசறதை நிறுத்திப்போட்டாங்க. கைக்கெட்டற தூரத்துல உக்காந்துக்கிட்டு, "களி எடுத்து வெச்சாச்சுன்னு உங்கப்பாகிட்டச் சொல்லு." "பசிக்கலைன்னு உங்கம்மாகிட்டச் சொல்லு." நானும் அக்காவும் நடுவுல தந்திக் கம்பம் மாதிரி நின்னோம். சண்டை போட்டாலும் மரியாதை குறையாது பாருங்க எங்க வீட்டுல. "சட்டையைத் தொவைக்கப் போடுவீங்களான்னு கேளு கண்ணு"ன்னு சுவத்தைப் பாத்துப் பவ்வியமாக் கேக்கும் அம்மா.

ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அப்பா செருப்பை மாட்டினாரு. "இன்னைக்கு நானும் நடக்க வாரேன்னு உங்கம்மாகிட்டச் சொல்லு." வழியில என்ன நடக்குதுன்னு நேர்ல பாத்துரணும்னு அவருக்கு. அம்மா பையை எடுத்துக்கிட்டுக் கிளம்புச்சு.

முதல் வீடு மேஸ்திரி வீடு. மேஸ்திரின்னா மில்லுல அப்பாவுக்கு மேலாளு. மேஸ்திரி வீட்டம்மா வாசல்லயே நின்னுக்கிட்டு இருந்தாங்க. "அட அட, சோடியா வாரீங்களே! ஏனுங்க, வாங்க, உள்ள வாங்க. இத்தனை நாள் அம்மணி மட்டும்தான் வந்தாங்க, இன்னைக்குத்தான் அண்ணனுக்கு வழி தெரிஞ்சுதா?" நடு வீட்டுல உக்கார வெச்சாங்க. நுரை பொங்க எவர்சில்வர் டம்ளர்ல காப்பி. கரண்டியை நட்டு வெச்சா நிக்கும், அத்தனை சக்கரை. கூட ஒரு தட்டுல கச்சாயம்.

வெளிய வந்து பத்தடி நடக்கலை, அடுத்த வீடு. "மேஸ்திரி வீட்டுல மட்டும் குடிச்சீங்க, எங்கூட்டைத் தாண்டிப் போயிருவீங்களா?" அங்க காப்பியும், பருப்புப் பூரணம் வெச்ச ஒப்புட்டும். எதிர் வீடு. அதுக்கு அடுத்த வீடு. மாமரத்து வீடு. எல்லாரும் 'ஏனுங்க வாங்க'ன்னு கூப்பிடறாங்க, அம்மா சிரிச்ச முகமா உள்ள போகுது, அப்பா பின்னாலயே போறாரு. நாலாவது வீட்டுல பெல்ட்டைத் தளர்த்தினாரு. குழாயடி வீட்டுக்கு வரும்போது என் காதுகிட்டக் குனிஞ்சு, "கண்ணு, இன்னும் எத்தனை வீடு இருக்குது?"ன்னு கேட்டாரு. குரலே தழுதழுத்துப் போச்சு.

குளத்தை நாங்க கண்ணால கூடப் பாக்கலை. அதுக்குள்ள பொழுது எறங்கிருச்சு, திரும்பிட்டோம்.

வீட்டுக்கு வந்து அப்பா சுவத்துல சாஞ்சு காலை நீட்டினாரு. அப்புறம் நேரா அம்மாவைப் பாத்து, எங்களை நடுவுல விடாம, "தெனமும் இப்படித்தானா?"ன்னு கேட்டாரு.

"ஆமாங்க."

"வேண்டாம்னு சொல்லக் கூடாதா அம்மணி?"

அம்மா முந்தானையை விரல்ல சுத்திக்கிட்டே மெதுவாச் சொல்லுச்சு. "எங்கம்மா வேலை செஞ்ச தோட்டத்துல, தோட்டக்காரங்க குடியிருக்கற சாளைக்குப் பின்னாலதான் நாங்க நிக்கோணும். கொட்டாங்குச்சியைக் கீழ வெச்சுட்டு நவுந்து நிக்கோணும், மேல இருந்து ஊத்துவாங்க. நானும் நின்னிருக்கேனுங்க. இங்க என்னை நடு ஊட்டுல உக்கார வெச்சு, அவங்க குடிக்கற டம்ளர்லயே குடுக்கறாங்க. அதை எந்த வாயால வேண்டாங்கறது? ஒருதடவை வேண்டாம்னா மறுதடவை கூப்பிடுவாங்களா?"

எனக்கு அந்த வயசுல பாதிதான் புரிஞ்சுது, ஆனா அப்பா மூஞ்சி மாறினது புரிஞ்சுது. எந்திரிச்சுப் போயி பெட்டிப் பூட்டைத் தொறந்து கழட்டி அம்மா மடியில வெச்சாரு. "நான் உன்னைக் கேக்காமயே முடிவு கட்டிப்போட்டேன். தப்புத்தான்." அப்பா தப்புன்னு சொல்லி நாங்க கேட்டதே இல்லை. அக்கா என்னைக் கிள்ளிப் பாத்தா.

"சக்கரை வியாதின்னு உள்ளதைச் சொல்லிரலாமேம்மா"ன்னு அக்கா ஆரம்பிச்சா.

"சொன்னா சாக்குச் சொல்றோம்னு நெனப்பாங்க. இல்லைன்னா சீக்காளி ஊடுன்னு பேரு வரும். நாளைக்கு உனக்கு மாப்பிள்ளை வர வேண்டாமா?"

வாசல்ல அப்பாவோட பெரிய சைக்கிள் ஸ்டாண்டு போட்டு நின்னுக்கிட்டு இருந்துச்சு. அம்மா அதையே பாத்துக்கிட்டு இருந்துட்டுச் சொல்லுச்சு: "சைக்கிள்ல போறவங்களை யாருங்க நிறுத்திக் காப்பி குடுக்கறாங்க?"

அப்பா குபீர்னு சிரிச்சாரு. சிரிச்சுக்கிட்டே இருந்தவரு அம்மா சிரிக்கலைன்னு பாத்ததும் நிறுத்தினாரு.

மில் ஆஸ்பத்திரி நர்சம்மாகிட்ட ஒரு பழைய லேடீஸ் சைக்கிள் சும்மா கெடந்துச்சு. அப்பா அதைத் தள்ளிக்கிட்டு வந்து அக்கக்காக் கழட்டி, மண்ணெண்ணெயில கழுவி, பச்சைப் பெயின்ட் அடிச்சு, புத்தம் புதுசாப் பண்ணிட்டாரு. முன்னால பிரம்புக் கூடை. பின்சக்கரத்துல சேலை சிக்காம இருக்க வலை. மணியை அழுத்தினா தெருக்கோடி வரைக்கும் கேக்கும். பிரேக்கைப் பத்திச் சொல்லவே வேண்டாம், ஃபிட்டர் வீட்டுச் சைக்கிள், ஒரு விரல் வெச்சாலே கப்புனு நிக்கும். இதை ஞாபகம் வெச்சுக்குங்க.

நாப்பதை எட்டிப் புடிக்கற வயசுல, சேலை கட்டின பொம்பளை சைக்கிள் கத்துக்கறதை ஊரு வேடிக்கை பாக்கக் கூடாதுன்னு, அப்பா தனக்கு நைட் ஷிப்ட் மாத்தி வாங்கிக்கிட்டாரு. விடிஞ்சும் விடியாததுமா மில்லுல இருந்து நேரா இந்தக் குளத்துக்கரைக்கு வந்துருவாரு. நாங்க சந்துப் பக்கமாச் சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வந்து சேந்துக்குவோம். இப்ப நீங்க நடக்கற கல்லு போட்ட பாதை எல்லாம் அப்ப இல்லை. ஒத்தையடி மண் ரோடு, ரெண்டு பக்கமும் வேலிமுள்ளு, குளத்துல நாரையும் ஆகாயத்தாமரையும்.

அப்பா பின்னால சீட்டைப் புடிச்சுக்குவாரு. இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் நான். அம்மா "யேசுவே, யேசுவே"ன்னு மிதிக்கும். ஒரு வாரம் ஆச்சு, ரெண்டு வாரம் ஆச்சு, சைக்கிள் நேராப் போக மாட்டேங்குது. கடைசியில ஒருநாள் அம்மாவே கத்துச்சு: "ஏனுங்க, கையை விடுங்க! நீங்க புடிச்சு இழுக்கறதுலதான் போக மாட்டேங்குது!"

"விழுந்துருவே அம்மணி!"

"விழுந்தா எந்திரிச்சுக்கறேன், விடுங்க!"

அப்பா விட்டாரு. அம்மா போச்சு. நேராப் போச்சு, நல்லாப் போச்சு, கரை வளையற எடத்துல மட்டும் வளையாம நேராவே போயி, சரிவுல எறங்கி ஆகாயத்தாமரைக்குள்ள சொருகிக்கிச்சு. அப்பா போட்டிருந்த மில் யூனிஃபார்மோட சேத்துல குதிச்சாரு. அம்மா இடுப்பு வரைக்கும் சேறு, தலையில ஒரு கொத்து ஆகாயத்தாமரை. அழப் போகுதுன்னு நெனச்சோம். வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்குதுங்க! அப்பாவும் சிரிச்சாரு, கை குடுத்துத் தூக்கப் போயி அவரும் வழுக்கி உக்காந்தாரு. அப்பா அம்மா கையைப் புடிச்சு நான் பாத்தது அன்னைக்குத்தான் முதல்.

அதுக்கப்புறம் அம்மா ஓட்டும், அப்பா பக்கத்துலயே ஓடுவாரு. சீட்டைப் புடிக்கறதில்லை, சும்மா கூடவே ஓடுவாரு. ஓடிக்கிட்டே பேசுவாரு. வீட்டுல உக்கார வெச்சுக் கேட்டாலும் நாலு வார்த்தைக்கு மேல பேசாத மனுசனுக்கு, மூச்சு வாங்க வாங்க எங்க இருந்துதான் அத்தனை பேச்சு வந்துச்சோ! மில்லுல நடந்தது, சின்ன வயசுல சத்தியமங்கலத்துல பவானி ஆத்துல முங்கினது, எல்லாம். "உனக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா நான் என்ன பண்ணுவேன், அந்தப் பயத்துலதான் பூட்டுப் போட்டேன்"னு அவரு சொன்னது என் காதுலயும் விழுந்துச்சு. அம்மா மிதிக்கறதை மெதுவாக்கிக்கிச்சு, அவரு கூட வரட்டும்னு. அக்காவும் நானும் பின்னால ஓடி வருவோம். ஒரு மாசத்துல அப்பாவோட பெல்ட்டுக்குப் புதுசா ஓட்டை போட வேண்டியதாப் போச்சு. யாருக்கு வைத்தியம், யாருக்குப் பலன் பாருங்க!

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில அம்மா முதல்தடவையா எங்க தெருவுலயே சைக்கிளை எடுத்துச்சு. கேரியர்ல நான். தெருவே வாசலுக்கு வந்துருச்சு. மேஸ்திரி வீட்டம்மா ஓடி வந்து, "அம்மணி, சைக்கிளா! அடேயப்பா! நில்லுங்க, நில்லுங்க, காப்பி கொதிச்சிருச்சு, ஒரு வாய் குடிச்சுட்டுப் போங்க!"ன்னு கையை நீட்டிட்டாங்க.

சைக்கிள்ல போறவங்களை யாரும் நிறுத்த மாட்டாங்கன்னு நாங்க போட்ட திட்டம் அங்கயே கவுந்துருச்சு. அம்மாவுக்கு வேர்த்துப் போச்சு. என்ன நெனச்சுச்சோ, "பிரேக் புடிக்கலீங்க! வாரேனுங்க!"ன்னு கத்திட்டு ஒரே மிதி.

"அய்யோ, பாத்துங்க, பாத்து!"ன்னு அடுத்த வீட்டுக்காரங்க வழி விட்டாங்க. எதிர் வீட்டுப் பாப்பாவை யாரோ தூக்கிக்கிட்டாங்க. தெருவே ரெண்டா ஒதுங்கி நின்னுச்சு. யாரு மனசும் கோணலை, ஒரு சொட்டுக் காப்பி உள்ள போகலை. குளத்துக்கரைக்கு வந்ததும் அம்மா சிரிச்ச சிரிப்புல சைக்கிளே ஆடுச்சு.

அடுத்த நாளும் அதேதான். அதுக்கு அடுத்த நாளும். குழாய் செங்கல்ல இருந்து ஆரஞ்சுக்கு வந்துச்சு, அப்புறம் மஞ்சளுக்கு வந்துச்சு.

ஆனா பழி எங்க போயி விழுந்துச்சுன்னு நாங்க யோசிக்கலை. ஃபிட்டர் பொண்டாட்டி பிரேக் இல்லாம ஓட்டிக்கிட்டுத் திரியறான்னு பேச்சு மில்லு வரைக்கும் போயிருச்சு. "ஊரு மெஷினை எல்லாம் ரிப்பேர் பண்றியே, வீட்டுச் சைக்கிளுக்கு ஒரு பிரேக் வெக்க முடியலையா?" கேன்டீன்ல கேலி, கேட்டுல கேலி. பூசை பெஞ்சு ஆடினாலே தாங்க மாட்டாத மனுசன். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லலை. அக்காதான் யார் மூலமாவோ கேள்விப்பட்டு வந்து சொன்னா.

அந்த ஞாயித்துக்கிழமை மேஸ்திரியே ஸ்பேனரை எடுத்துக்கிட்டு எங்க வீட்டைப் பாத்து வந்துக்கிட்டு இருந்தாரு. "அந்த பிரேக்கை நானே பாத்துப்போடறேன், பொம்பளை விழுந்து கையைக் காலை முறிச்சுக்குவா." குழாயடியில இருந்த அப்பா அதைக் கேட்டுட்டு, குடத்தை அங்கயே போட்டுட்டுச் சந்து வழியா ஓடி வந்தாரு. சைக்கிள்கிட்ட உக்காந்து, ஒரு நட்டு லூசா இருந்தாத் தூங்காத எங்கப்பா, தன் கையாலயே பிரேக் நட்டு ரெண்டையும் தளர்த்தி விட்டாரு.

மேஸ்திரி வந்து பிரேக்கை அமுக்கிப் பாத்தாரு. தொளதொளன்னு ஆடுச்சு. "என்னப்பா இது! நீயெல்லாம் ஃபிட்டரா?"

"கவனிக்கலீங்க"ன்னு அப்பா தலையைக் குனிஞ்சு நின்னாரு. அம்மா கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டு முந்தானையைக் கடிச்சுக்கிச்சு. அதுக்குக் கண்ணு நெறஞ்சிருச்சு.

மேஸ்திரி நல்லா முறுக்கிட்டு, "இப்ப நச்சுன்னு புடிக்குது. இனிமே அம்மணி தாராளமா நிக்கலாம்"னு சொல்லிட்டுப் போயிட்டாரு. சாக்கும் போச்சு, மானமும் போச்சு. அப்பாகிட்ட அம்மா சொல்லுச்சு: "உங்களைத் தலைகுனிய வெச்சுட்டு எனக்கு வைத்தியம் வேண்டாமுங்க. நாளைக்கு நானே பேசிக்கறேன்."

மறுநாள் காலையில மேஸ்திரி வீட்டம்மா டம்ளரோட வாசல்லயே நின்னாங்க. அம்மா பிரேக்கைப் புடிச்சுச்சு. சைக்கிள் நச்சுன்னு நின்னுச்சு. ஒரு காலைத் தரையில ஊனிக்கிட்டு, மூச்சை இழுத்து விட்டு, "அக்கா, எனக்குச் சக்கரை வியாதிங்க. சக்கரை போட்ட காப்பி எனக்கு ஆகாதுங்க"ன்னு சொல்லுச்சு.

அவங்க டம்ளரைப் பாத்தாங்க, அம்மாவைப் பாத்தாங்க, திரும்பி உள்ள போயிட்டாங்க.

நான் கேரியர்ல உக்காந்து அம்மா முதுகுல கையை வெச்சிருந்தேன். அம்மா மூச்சே விடலை. இனி கூப்பிடவே மாட்டாங்களோ, இல்லை வேற எதுலயாச்சும் ஊத்திக்கிட்டு வருவாங்களோ, அது என்ன நெனச்சுதுன்னு எனக்கு இன்னைக்குத்தான் முழுசாத் தெரியுது. தெருவுல சனம் போறதும் வாரதுமா இருந்தாங்க. நாங்க அங்கயே நின்னோம்.

அவங்க திரும்பி வந்தாங்க. அதே எவர்சில்வர் டம்ளர். பால் கம்மியா, சக்கரை இல்லாம, கருப்பாக் காப்பி. கண்ணெல்லாம் கலங்கிக் கெடந்துச்சு. "மொதல்லயே சொல்றதுக்கென்ன அம்மணி? நான் பாட்டுக்கு மூணு கரண்டி அள்ளி அள்ளிப் போட்டிருக்கேனே! உங்களுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா எனக்கு அந்தப் பாவம் எந்த சென்மத்துலங்க தீரும்?" அழவே ஆரம்பிச்சுட்டாங்க. அம்மா சைக்கிளை என் கையில குடுத்துட்டு எறங்கிப் போயி அவங்களைக் கட்டிப் புடிச்சுக்கிச்சு. ரெண்டு பேரும் நடு வீட்டுல உக்காந்து அந்தக் கசப்புக் காப்பியைப் பங்கு போட்டுக் குடிச்சாங்க. நான் வாசல்ல சைக்கிளைப் புடிச்சுக்கிட்டுக் கச்சாயம் தின்னேன். எனக்குத்தான் ஒரு வியாதியும் இல்லையே அப்ப!

ஒரு வாரத்துல தெரு முழுக்கத் தெரிஞ்சு போச்சு. அம்மா பயந்த மாதிரி ஒண்ணும் நடக்கலை. குளத்தை ஒரு சுத்துச் சுத்திட்டு வந்தா, ஒருநாளைக்கு ஒரு வீடு, சக்கரை இல்லாத காப்பி. "இன்னைக்கு எங்கூட்டு மொறைங்க"ன்னு அவங்களுக்குள்ளயே பேசி வெச்சுக்கிட்டாங்க. பின்னால அக்காவைப் பொண்ணு பாக்க வந்தவங்க கேட்ட முதல் கேள்வியே, "சைக்கிள் ஓட்டறாங்களே, அவங்க மகளா?"ங்கறதுதான்.

கிறிஸ்துமசுக்கு முந்தின நாள் காலையில அப்பா விளக்கைப் பத்த வெச்சாரு. நானும் அக்காவும் சுத்தி நின்னோம், அம்மாவும் கதவுக்குப் பின்னால நிக்காம முன்னால வந்து நின்னுச்சு. மருந்து கொதிச்சுது. பச்சையாகும்னு பாத்துக்கிட்டே இருக்கோம், ஆகலை. அப்பா குழாயைச் சன்னல்கிட்டத் தூக்கிப் புடிச்சாரு. மாதா சேலை மாதிரி நீலம்.

"நீலம் அம்மணி"ன்னாரு. அவ்வளவுதான் அவருக்கு வந்துச்சு. டாக்டரம்மாவும் பாத்துட்டு, இப்போதைக்கு ஊசி வேண்டாம், சைக்கிளை மட்டும் விட்டுராதீங்கன்னு சொல்லிட்டாங்க. பின்னால எழுபது வயசுல அம்மாவுக்கு ஊசி வந்துச்சு. அப்ப அதுக்குப் பயமே இல்லை. தன் கையாலயே போட்டுக்கிட்டு சைக்கிள் சாவியைத் தேடும்.

அந்த வருஷம் கேக் இல்லாத கிறிஸ்துமஸ். மத்தியானம் அம்மா சொல்லுச்சு: "இனியாச்சும் உள்ளதைச் சொல்லிருங்க. பிரேக் மொதல்ல இருந்தே நல்லாத்தான் இருந்துச்சுன்னு மேஸ்திரிகிட்டச் சொல்லிருங்க. உங்க பேரு கெட்டுக் கெடக்குதே."

அப்பா தலையை ஆட்டினாரு. "வேண்டாம் அம்மணி. சொன்னா, அப்ப எங்க காப்பிக்குப் பயந்தா ஓடுனீங்கன்னு அவங்க மனசு சங்கடப்படும். இருந்துட்டுப் போகட்டும்."

இருந்துச்சுங்க, கடைசி வரைக்கும். ரிட்டயர் ஆன அன்னைக்கு மில்லுல மாலை போட்டு, சால்வை போத்தி, எல்லாரும் கை தட்ட, கூட வேலை செஞ்சவங்க ஒரு சின்னப் பொட்டலம் குடுத்தாங்க. பிரிச்சா ஒரு ஜோடி பிரேக் கட்டை. மண்டபமே சிரிச்சுது. அப்பாவும் சிரிச்சுக்கிட்டே வாங்கிச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டாரு. முன் வரிசையில உக்காந்திருந்த அம்மா மட்டும் சிரிக்கலை. அவரையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. கல்யாணப் பொண்ணு மாதிரி பாத்துக்கிட்டு இருந்துச்சுங்க.

அந்தக் கட்டை ரெண்டும் இப்ப என் மேசை டிராயர்ல இருக்குது. அதனால வாத்தியாரே, மருமகனை அனுப்பாதீங்க. என் சைக்கிள்ல பிரேக் நச்சுன்னு புடிக்குது. நாளைக்குக் காலையில பேக்கரி வாசல்ல என் டீயை மட்டும் சக்கரை இல்லாமச் சொல்லி வைங்க, நிக்கறேன்.